கலர்காரர் போட்ட ஊசி

பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு வகை. டப்பாவைத் திறந்த பிறகு கலக்குவதற்குக் குச்சி தேடுகிறவர்கள் ஒரு வகை. திறப்பதற்கு முன்பே குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. கலர்காரர் இரண்டாவது வகை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே "கலர்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். முதலாளியை யாரும் கேட்பதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு அதில் வருத்தமும் இல்லை.

கடை ஒரு நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். எதிர்ச் சுவரில் கலர் ஊற்றும் இயந்திரமும் அதற்குப் பக்கத்தில் குலுக்கும் இயந்திரமும் நிற்கும். வாடிக்கையாளர் அட்டையில் ஒரு நிறத்தைக் காட்டினால் முதல் இயந்திரம் வெள்ளை பெயிண்டுக்குள் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடும். மூடியைத் தட்டி இறுக்கி, டப்பாவை இரண்டாவது இயந்திரத்தில் மாட்டினால் கடையே அதிரும். அது ஓடும்போது யார் என்ன பேசினாலும் காதில் விழாது. இவ்வளவுக்குப் பிறகும் கலர்காரர் டப்பாவைக் கழற்றித் தன் கையால் நாலு குலுக்குக் குலுக்கித்தான் கொடுப்பார். இயந்திரத்தின் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தன் கை பட்டால்தான் திருப்தி, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டப்பாவைச் சரியாகக் கலக்காமல் கொடுத்துவிட்டார். வாங்கிப் போனவர் வீட்டுச் சுவர் மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம் என்று காய்ந்து நின்றது. அந்த ஆள் சண்டை போடவில்லை. கலர்காரரைக் கையோடு அழைத்துப் போய் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, "நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சூடு கண்ட பூனை ஆகிவிட்டார் கலர்காரர். "அடியில தங்கினது மேல வராம எதுவும் உருப்படாது" என்பது அன்று முதல் அவருக்கு வேதவாக்கு.

வேதத்தைக் கடையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இருமல் மருந்து, எண்ணெய் பாட்டில், பால் பாக்கெட் எல்லாவற்றையும் குலுக்குவார். சம்பந்தி வீட்டார் முதல் முறை வந்தபோது ஆரஞ்சு சோடா பாட்டிலைக் குலுக்கிவிட்டுத் திறந்தார். சம்பந்தியின் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்தது அதற்கு முந்தைய நொடி வரைதான். நல்ல மனிதர், அதைக்கூட மன்னித்துவிட்டார். அந்தக் கறையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம கார்டுல இல்லாத ஷேடு" என்று கலர்காரர் சொன்னதைத்தான் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கலர்காரரின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் அவரை டீச்சரம்மா என்பார்கள். கூரையில் பலகை வைத்த சின்னக் கார். பயிற்சிக்கு வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பார். பக்கத்து இருக்கையில் டீச்சரம்மா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. தப்பான கியரைப் போட்டு இன்ஜின் கதறினாலும் வாயைத் திறக்கமாட்டார். இடித்தே தீரும் என்ற கட்டம் வரும்போதுதான் காலை அழுத்துவார். சொல்லிக் கொடுப்பதைவிடச் சொல்லாமல் விடுவதில் அவருக்கு அபாரமான பொறுமை. அந்தப் பொறுமையால் ஊரில் பாதிப் பேர் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கலர்காரர் மட்டும் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து, ஒரு வேலியைச் சாய்த்துவிட்டு இறங்கி, அன்றிலிருந்து பஸ்ஸில் போகிறார்.

வீட்டில் கதை வேறு. அங்கே ஸ்டியரிங் கலர்காரர் கையில். எதையும் யோசித்து, முடிவெடுத்து, முடித்தும்விட்டு அப்புறம்தான் சொல்லுவார். படுக்கையறைக்கு ஒரு நாள் பச்சை அடித்தார். டீச்சரம்மா வேலை முடிந்து வந்து கதவோரம் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியா, பிடிச்சிருக்கு அவளுக்கு" என்று மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னார் கலர்காரர். மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இவரைப் போன்றவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது!

டீச்சரம்மாவுக்கு நோய் சத்தமில்லாமல் வந்தது. முதலில் அசதி. பிறகு மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது. ஒரு நாள் பாடத்தின் நடுவில் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த மனைவியை வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தி, கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தார் கலர்காரர். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு பூசியது போல் கிடந்தது. தினமும் பார்க்கிற முகம். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததால், நிறத்தையே பிழைப்பாக வைத்திருக்கிற மனிதருக்குக்கூடத் தெரியாமல் போய்விட்டது.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்றார் மருத்துவமனையில் டாக்டரம்மா. நீண்ட நாள் ரத்தக் கொதிப்பு கவனிக்கப்படாமல் இருந்ததால் வந்தது. கலர்காரருக்கு அது புரிந்தது. ரத்தம் ஏன் குறைந்தது என்பதுதான் புரியவில்லை.

"கிட்னிக்கும் ரத்தத்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்? அது மூத்திரம் பிரிக்கிறதுதானே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் குறையுதான்னு கிட்னி பாத்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா ஒரு ஹார்மோனை அனுப்பும். எரித்ரோபாய்ட்டின்னு பேரு. அது எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜைக்குப் போய், 'சிவப்பணு இன்னும் வேணும், செய்'னு சொல்லும். சிவப்பணுவுக்கு ஆயுசு மூணு நாலு மாசம்தான். பழசு போய்க்கிட்டே இருக்கும், புதுசு வந்துக்கிட்டே இருக்கணும். இவங்க உடம்புல அதைச் சொல்ற ஆள் படுத்துட்டாரு."

கலர்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப ஃபேக்டரி நல்லாத்தான் இருக்கு. ஆர்டர்தான் போகல."

"அதேதான். அந்த ஹார்மோனையே ஊசியா கொடுக்கலாம். ஆர்டரை நாம வெளியிலிருந்து போடுறோம்."

"கூடவே இந்த இரும்பு மாத்திரை?"

"ஆர்டர் போனா போதுமா, சரக்கு வேண்டாமா? சிவப்பணு செய்ய இரும்பு வேணும்."

இது கலர்காரருக்கு மிகவும் பிடித்துப்போனது. கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடும் இரும்புதானே! கடைச் சுவரில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிற சரக்கு மனைவியின் உடம்பிலும் ஓடுகிறது என்று நினைத்தபோது, அந்தக் கவலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிட்டால் நல்லது என்ற பேச்சு வந்தது. மகள் முந்திக்கொண்டு தன்னுடையதைத் தருவதாகப் போனில் சொன்னாள். கைக்குழந்தைக்காரி. "நீ வாயை மூடு" என்று டீச்சரம்மா போனை வைத்துவிட்டார். மறுநாளே கலர்காரர் யாரிடமும் சொல்லாமல் போய்த் தனக்குப் பரிசோதனை செய்துகொண்டார். ரத்த வகை பொருந்தியது, மற்றதும் பொருந்தியது. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்னுது உனக்குப் பொருந்துதாம். முடிவு பண்ணியாச்சு" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார். கலர்காரருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

டாக்டரம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "இவங்க உங்க குழந்தையைச் சுமந்தவங்க. அப்ப உங்க உடம்போட அடையாளம் பாதி இவங்க உடம்புக்கு அறிமுகம் ஆயிருக்கும். சில பேருக்கு அப்போ அதை எதிர்க்கிற சக்தி உண்டாகி, பின்னால உறங்கிப் போயிருக்கும். இப்ப சோதிச்சதுல எதிர்ப்பு ஒண்ணும் தெரியல. ஆனா வெளி ரத்தம் ஏத்தினா அது முழிச்சுக்கலாம். முழிச்சுக்கிட்டா உங்க கிட்னியை இவங்க உடம்பு ஏத்துக்காது. அதனால முடிஞ்ச வரைக்கும் ரத்தம் ஏத்தாம, இந்த ஊசியாலேயே ரத்தத்தைக் கூட்டணும். ஓரளவு கூடினதும் ஆபரேஷன்."

ஆக எல்லாம் அந்த ஊசியில் வந்து நின்றது. ரத்தம் ஊறினால் கலர்காரர் தன் சிறுநீரகத்தை மனைவிக்குக் கொடுக்கலாம். ஊறாவிட்டால் அந்த வழியே அடைபட்டுப் போகலாம்.

வாரம் ஒரு ஊசி, கொழுப்புச் சதையில் மேலாகப் போடுவது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தார். மருந்தை எடுத்துப்போகக் குளிர்ப்பெட்டி வேண்டும் என்று அவர் சொன்னதும், கலர்காரர் முழுதாகக் கேட்காமலேயே அதை வாங்கக் கீழே ஓடினார். திரும்பி வந்தபோது பாதிப் பாடம் முடிந்திருந்தது. "மருந்தைப் பத்தி எல்லாம் அக்காகிட்ட சொல்லிட்டேன் அண்ணா. நீங்க குத்தறதை மட்டும் பழகிக்கோங்க" என்றார் நர்ஸ். கலர்காரர் ஒரு ஸ்பாஞ்சைப் பத்துப் பன்னிரண்டு தடவை குத்திப் பழகிக்கொண்டார். கை நடுங்காத மனிதர். நர்ஸே பாராட்டினார்.

வீட்டில் முதல் ஊசி, கடை விடுமுறை நாளில். கலர்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டிலிருந்து அந்தக் குட்டிப் பாட்டிலை எடுத்தார். கட்டைவிரல் அளவுதான் இருந்தது. உள்ளே தண்ணீர் போன்ற மருந்து. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடியில் எதுவும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, தங்கியிருக்காதா? இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குலுக்கினார். சின்னப் பாட்டிலுக்குத்தான் அதிகம் குலுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நுரை கட்டும்வரை குலுக்கி, நுரை அடங்கும்வரை காத்திருந்தார். டீச்சரம்மா ஏதோ சொல்ல வந்தது போல வாயெடுத்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. போடுங்க."

போட்டார். "வலிச்சுதா?" என்றார். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்றார் மனைவி. கலர்காரருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

வாரங்கள் போயின. ரத்தம் ஏறவில்லை. இரும்புச் சத்தைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார்கள், இல்லை. கிருமித் தொற்றும் இல்லை. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மருந்தின் அளவைக் கூட்டினார். அளவு கூடினால் குலுக்கலும் கூட வேண்டாமா? கலர்காரர் முன்னைவிடப் பக்தியாகக் குலுக்கினார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு செய்தார், பாவம். ரத்தம் இருந்த இடத்திலிருந்தும் கீழே இறங்கியது.

டீச்சரம்மா காரை ஒரு தோழியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். குளியலறை வரை போய் வந்தாலே மூச்சு வாங்கியது. கலர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒருவர் கிரீம் கேட்டதற்கு மஞ்சள் கலந்து கொடுத்தார். அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம் அது. முதலாளி டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போய்யா" என்று மட்டும் சொன்னார்.

"அடுத்த டெஸ்ட்லயும் இறங்கினா வேற வழியில்ல. ரத்தம் ஏத்தித்தான் ஆகணும். உயிர் முக்கியம். ஆபரேஷனை அப்புறம் பாத்துக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்னார். அந்த 'அப்புறம்' என்ன என்று கலர்காரருக்குத் தெரியும். அன்று மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து அழுதார். கொடுக்க ஆள் தயாராக இருந்தும் கொடுக்க முடியாமல் போகிறதே என்ற அழுகை அது.

அடுத்த பரிசோதனை நாள். டீச்சரம்மாவை ரத்தம் எடுக்க உள்ளே அழைத்துப் போனார்கள். அன்றுதான் ஊசி நாளும் என்பதால், போடுவதைத் தானே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மருந்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் நர்ஸ்.

"அக்கா வர்றதுக்குள்ள மருந்தைத் தயார் பண்ணுங்க அண்ணா. எப்படிப் போடுறீங்கன்னு பாக்கணும். குத்தற இடம் தப்பா இருக்கான்னு பாத்துடலாம்."

கலர்காரர் கையைக் கழுவினார். குளிர்ப்பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். வழக்கம்போல ஆரம்பித்தார்.

"ஐயோ, அண்ணா! நிறுத்துங்க!"

பாட்டில் கையிலிருந்து நழுவிப் பக்கத்துக் கட்டில் மெத்தையில் விழுந்தது.

"எப்பவும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

"இன்னும் நல்லா பண்ணுவேன்மா. நுரை வர்ற வரைக்கும்."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "இது பெயிண்ட் இல்ல அண்ணா. புரதம். முட்டை வெள்ளைக்கருவை அடிச்சு நுரையாக்கிட்டு, பழையபடி ஆக்க முடியுமா? வேகமா குலுக்கினா இதோட உருவம் குலைஞ்சு போயிடும். பாக்க அதே தண்ணி மாதிரிதான் இருக்கும். ஆனா உள்ள போய் வேலை செய்யாது. குலுக்கவே கூடாதுன்னு அன்னைக்கு அக்காகிட்ட ரெண்டு தடவை சொன்னேனே! உங்ககிட்ட அவங்க சொல்லலியா?"

கலர்காரர் மெத்தையில் கிடந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் வெள்ளைகளில் வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

மறந்திருப்பாள் என்று சொல்ல வந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் பாடம் படித்தவர் எந்தத் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட மறந்தார் என்பதைக்கூட நினைவில் வைத்திருக்கிற பெண்மணி டீச்சரம்மா. அவருக்கு மறதி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

டாக்டரம்மாவின் அறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மாவின் முகம் சிவந்தது.

"இவங்க உங்களுக்குச் சொல்லவே இல்லையா?"

"சொன்னா டாக்டர்," என்றார் கலர்காரர். "நான்தான் காதுல வாங்கல. பழக்கதோஷம்."

டீச்சரம்மா தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். கலர்காரர் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு, கிடைத்த திட்டு முழுவதையும் தான் வாங்கிக்கொண்டார். திட்டி முடித்த பிறகு டாக்டரம்மா கொஞ்சம் தணிந்து, இதுதான் ஒரே காரணம் என்று இப்போதே சொல்லிவிட முடியாது, ஆனால் பெரிய காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ரத்தம் இன்று கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, ஏற்றாமல் இன்னும் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம், மூச்சுத் திணறினால் மட்டும் உடனே ஓடி வந்துவிட வேண்டும் என்றார். அன்றைய ஊசியை நர்ஸ் வேறு பாட்டிலிலிருந்து போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மனைவியைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தார் கலர்காரர்.

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"வாயெடுத்தியே, அதைச் சொல்லத்தானா?"

"ஆமா." டீச்சரம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள ஒரு நினைப்பு. ரத்தம் ஏறலைன்னா ஆபரேஷன் தள்ளிப் போகும்ல? ஒரு வாரம் தள்ளிப் போகட்டும்னு விட்டேன். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு தடவை சொல்லாம விட்டதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"என்ன நினைச்சுக்கிட்டு இருந்தே? செத்துப் போயிடலாம்னா?"

"மெஷின் இருக்குல்ல. எத்தனையோ பேர் அதுல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வருஷக்கணக்கா இருக்காங்க. நல்லா இருக்கிற மனுஷனைப் படுக்கப் போட்டு, எனக்காக அறுக்கிறதுக்கு எனக்கு மனசு வரல. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அதை என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"பொண்ணுகிட்ட சொன்னேன், கேட்டுக்கிட்டா. உங்ககிட்ட சொன்னா கேட்டிருப்பீங்களா? செருப்பைக் கழட்டுறதுக்குள்ள முடிவு பண்ணியாச்சுன்னீங்க. உனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ரூமுக்குப் பச்சை அடிச்சீங்களே, அதையாவது கேட்டீங்களா? எனக்கு அந்தப் பச்சையைக் கண்டாலே ஆகாது."

கலர்காரருக்கு எந்த அடியை முதலில் தடவிக்கொள்வது என்று தெரியவில்லை.

"கேட்கல. தப்புதான். ஆனா நீ வேண்டாம்னு நினைச்சது எனக்கு வலிக்கல. என் கையால பண்ண வச்சியே, அதுதான் தாங்கல. ஒவ்வொரு வாரமும் வலிச்சுதான்னு கேட்டேன். நீயும் சிரிச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னே. உன் ரத்தம் இறங்கினதுக்கு நானே காரணமா இருந்திருக்கேன். அதை நீ பாத்துக்கிட்டே இருந்திருக்கே."

டீச்சரம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. "அது பெரிய தப்பு," என்றார்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது. சாப்பிடு, மாத்திரை போட்டியா, கதவைச் சாத்து. கோபம் என்று சொல்ல முடியாது. முப்பது வருஷமாகப் பக்கத்தில் இருந்தவரை இருவருமே புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடையில் ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் அட்டையில் ஒரு சிவப்பின் மேல் விரலை வைத்து, "ஹாலுக்கு இதுதான்" என்றார். கலர்காரர் டப்பாவை எடுக்கத் திரும்பினார். பிறகு நின்றார். "உங்களுக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவர் திடுக்கிட்டு, கணவரைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, "இல்ல" என்றார். அங்கே மூண்ட வாக்குவாதத்தில் அவர்கள் ஒன்றுமே வாங்காமல் போய்விட்டார்கள். முதலாளி கல்லாவிலிருந்து முறைத்தார். கலர்காரர் கவனிக்கவே இல்லை.

ஊசி நாள் வந்தது. கலர்காரர் கையைக் கழுவி, பாட்டிலை எடுத்துவந்து, மேஜையில் ஒரு துணியின் மேல் மெதுவாக வைத்தார். டீச்சரம்மா சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் கலர்காரர் சிரிஞ்சைத் தொடவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"என்னுது உனக்கு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா மெஷின்தான். நான் கூடவே வந்து உக்காந்திருக்கேன். கோவிச்சுக்க மாட்டேன், பேச மாட்டேன்னு இருக்க மாட்டேன். ஊசி எப்படியும் போடணும், உன் மூச்சுக்கு அது வேணும். ஆனா எதுக்காகப் போடுறோம்னு நீ சொல்லு."

டீச்சரம்மா பதில் சொல்லவில்லை. சமையலறைக் குழாய் சொட்டியது. தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். எந்த கியரில் இருக்கிறார்கள் என்று டீச்சரம்மாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும். அவர் அதைக்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

"பேசாம இருந்தா சரின்னு எடுத்துக்க மாட்டேன் இனிமே," என்றார் கலர்காரர். "எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. வாயைத் திறந்து சொல்லு."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர் பார்க்கவில்லை. காத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. முட்டிமேல் வைத்திருந்த கையால் ஒன்றையும் எடுக்காமல், ஒன்றையும் அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருக்குங்க," என்றார் டீச்சரம்மா கடைசியில். "உங்களை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டார். "ஆனா எனக்கு இன்னும் கொஞ்ச நாள் நல்லா இருக்கணும். வேணும். குடுங்க."

கலர்காரர் சிரிஞ்சை எடுத்தார். ஸ்பாஞ்சில் நடுங்காத கை, இத்தனை வாரமும் நடுங்காத கை, இப்போது நடுங்கியது. டீச்சரம்மா தன் மறு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, இருவருமாகச் சேர்ந்து அந்த ஊசியைப் போட்டார்கள்.

ரத்தம் ஏறியது. ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் இறங்காமல் ஏறியது. வெளி ரத்தம் ஏற்றத் தேவை வரவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊசியை நிறுத்திடலாம். புதுக் கிட்னி அந்த ஹார்மோனையும் தானே அனுப்ப ஆரம்பிச்சிடுச்சு. இனிமே இவங்க உடம்புல ரத்தம் ஊறச் சொல்றது உங்க கிட்னிதான் சார்."

கலர்காரர் பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சரம்மா தன் வயிற்றை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வெளியிலிருந்து அதிகாரம் பண்ணினது போதாதுன்னு இப்ப உள்ளயிருந்துமா?"

கலர்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. டீச்சரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய வெளுப்பு துளியும் இல்லாத, வெதுவெதுப்பான, சிவந்த கை டீச்சரம்மாவுடையது.